கலத்தில் உள்ளது எது? கெடா மண்ணின் மிகுபுனைவில் சமய நம்பிக்கையும் படைப்பாக்கமும்

முன்னுரை

மலேசியத் தமிழ்ப் புனைகதை பற்றிய ஆய்வுகள் நெடுங்காலமாக நடப்பியல் என்னும் அளவுகோலையே முதன்மையாகக் கொண்டு வந்துள்ளன. பால்மரக் காடு, லயம், பெரட்டு, கங்காணி, கிராணி, கள்ளுக்கடை, தோட்டத் துண்டாடல் ஆகியவை அவ்வாய்வுகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறும் சொற்கள். அகிலனின் 'பால்மரக் காட்டினிலே', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' முதலிய நாவல்களை விளக்க இவ்வளவுகோல் பெரிதும் உதவியது. ஆயினும் அதே லயங்களில் வாழ்ந்த மக்கள் இரவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகளை அது தொடவில்லை. எல்லையில் குதிரை ஏறி வரும் முனியாண்டி, பிள்ளை பெற்றவளின் வாசலைக் காக்கும் பெரியாச்சி, மரத்தடிக் கல்லில் வந்து தங்கிய காளி ஆகியோரைப் பற்றிய கதைகளை நாட்டார் வழக்காற்றியலுக்கு ஒதுக்கிவிட்டு இலக்கியத் திறனாய்வு அப்பால் சென்றது.

இன்று அந்நிலை மாறியுள்ளது. தெய்வமும் பேயும் மலேசியத் தமிழ் நாவலின் மையத்திற்கே வந்துவிட்டன. எனவே சமய நம்பிக்கைக்கும் கலைப்படைப்புக்கும் உள்ள உறவு யாது என்னும் பழைய வினாவை, மிகுபுனைவை முன்னிறுத்தி நாம் மீண்டும் எழுப்ப வேண்டியுள்ளது. இயற்கை இறந்த நிகழ்ச்சிகளைக் கதையின் உள்ளே உண்மையாக நிறுவிக் காட்டும் புனைவையே இங்கு மிகுபுனைவு என்கிறோம்.

இவ்வினாவுக்குரிய களமாகக் கெடா மாநிலத்தைத் தேர்ந்துகொள்கிறோம். இம்மண்ணைச் சார்ந்து எழுந்த இரு வேறு மொழிப் படைப்புகள் நம்முன் உள்ளன. ஒன்று, மலாய் மொழியில் அமைந்த 'ஹிக்காயாட் மெரோங் மகாவங்சா'. மற்றொன்று, ம. நவீனின் தமிழ் நாவலான 'பேய்ச்சி'. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஓர் ஒற்றுமை புலப்படுகிறது. இரண்டிலும் நம்பிக்கையும் கற்பனையும் உண்கலத்திலும் பருகுகலத்திலும் வந்து சந்திக்கின்றன. கலத்தில் கலந்துள்ளது எது, கலந்தவர் யார், அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்பனவே இப்புனைவுகள் எழுப்பும் வினாக்கள். கெடா மண்ணின் மிகுபுனைவை மதிப்பிடவும் இவையே தக்க அளவுகோல் என்பது இக்கட்டுரையின் கருத்து.

துணைப்படைப்பும் கதைக்கலமும்

மேலைநாட்டில் இவ்வினாவுக்கு மிகத் தெளிவான விடை ஒன்றைத் தந்தவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். 1939-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகள் பற்றி அவர் ஆற்றிய உரை 1947-இல் கட்டுரையாக வெளிவந்தது. கத்தோலிக்க நம்பிக்கையில் ஆழ்ந்திருந்த டோல்கீன், கலைஞனைத் துணைப்படைப்பாளன் என்றார். உலகைப் படைத்தவன் இறைவன். அவனுடைய சாயலில் படைக்கப்பட்ட மனிதன், அவன் தந்த ஆற்றலைக் கொண்டே இரண்டாம் உலகம் ஒன்றைப் புனைகிறான். எனவே புனைவு இறைவனோடு இடும் போட்டியாகாது. அது மனிதனுக்குரிய உரிமை என்பதே அவர்தம் கொள்கையின் சாரம்.

இக்கொள்கைக்கு ஒரு முன்தேவை உண்டு. படைத்தவன் ஒருவன், படைக்கப்பட்டவன் மற்றொருவன் என்னும் பிரிவு அதில் முற்ற முடிந்ததாக இருக்க வேண்டும். கல் ஒன்றை எடுத்து நிறுத்தி, மஞ்சள் பூசி, பெயரிட்டு, பின் அதன்முன் விழுந்து வணங்கும் மரபில் இப்பிரிவு அவ்வளவு தெளிவாக நிற்பதில்லை. தோட்டத்து மாந்தர் தாமே நிறுவிய தெய்வத்திற்குத் தாமே அஞ்சினர். தாம் செய்தது என்னும் அறிவும் தம்மைக் காப்பது என்னும் நம்பிக்கையும் அவர்களிடம் முரண்படவில்லை. துணைப்படைப்பு என்னும் சொல் இந்நிலையை முழுதும் விளக்கப் போதாது.

அதே உரையில் டோல்கீன் கதையைச் சாறு கொதிக்கும் பெருங்கலத்திற்கு உவமித்தார். காலந்தோறும் அதில் புராணமும் வரலாறும் நாட்டார் கதையும் இடப்படுகின்றன. சாற்றைச் சுவைப்பவன் அது எந்த எலும்புகளிலிருந்து வடிக்கப்பட்டது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. மூலம் தேடுவதையே இலக்கிய ஆய்வு எனக் கருதியோர்க்கு இது நல்ல மறுமொழி. ஆனால் கலத்தில் இருந்ததை உண்டும் பருகியும் மாந்தர் மாண்ட இடத்தில், எலும்புகளைத் தேடாதே என்னும் அறிவுரையை நம்மால் அப்படியே ஏற்க இயலாது. அங்கு எலும்பைப் பற்றி வினவுவதே கதையின் தொழில் ஆகிறது.

1970-இல் டோடரோவ் முன்வைத்த கொள்கையும் இங்கு நோக்கத்தக்கது. நிகழ்ந்தது இயற்கையா, இயற்கை இறந்ததா எனத் துணிய முடியாமல் படிப்பவர் தயங்கும் அந்நேரமே மிகுபுனைவின் உயிர் என்றார் அவர். தோட்டத்து வாழ்வில் இத்தயக்கம் வேறு வடிவில் அமைகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் தோட்ட மருத்துவமனைக்கும் கொண்டுசெல்வர்; மந்திரித்துத் திருநீறும் பூசுவர். இரண்டும் உண்மை என்பதில் அங்கு ஐயமில்லை. குற்றம் யாருடையது என்பதே அங்குத் தயக்கத்திற்குரியது. தெய்வக் குற்றமா, மனிதக் குற்றமா என்னும் இத்தயக்கத்தையே நாம் பின்னர்ப் 'பேய்ச்சி'யில் காண்கிறோம்.

தமிழ் மரபில் பேயும் கலமும்

தமிழிலக்கியத்தில் பேய் என்பது அச்சத்திற்குரிய உருவம் மட்டுமன்று. காரைக்கால் அம்மையார் மனித உடலின் அழகை உதறிப் பேய் வடிவை வேண்டிப் பெற்றவர் என்பது மரபு. அவ்வடிவில் நின்றே அவர் ஆலங்காட்டு ஆடலைப் பாடினார். பேயாதல் இங்குப் பாடுவதற்கான தகுதியாக அமைகிறது. நம்பிக்கையும் படைப்பாக்கமும் ஒரே உருவில் கூடிய தமிழின் தொன்மையான சான்றுகளுள் இது ஒன்று.

ஆழ்வார்கள் பூதனையைப் பேய்ச்சி என்று குறிப்பர். தாயுருவில் வந்து நஞ்சு தடவிய முலையைக் கண்ணனுக்கு ஊட்டியவள் அவள். ஊட்டுதலும் கொல்லுதலும் ஒரே செயலில் அமைந்த இப்படிமத்தை ஆழ்வார்கள் பலகாலும் எடுத்தாண்டனர். பக்திப் பாடலில் இறைவன் நஞ்சையும் உயிரையும் ஒருங்கே உறிஞ்சிவிடுகிறான். ஆகவே கேட்பவர்க்கு அச்சம் நீங்குகிறது. ஆனால் நஞ்சுப் பாலைக் குடித்த குழந்தை இறைவனாக இல்லாவிடின் என்ன நேரும் என்னும் வினா அங்கே எழுவதில்லை. பக்திக்கு அவ்வினா தேவையுமில்லை. நாவலுக்கு அது தேவைப்படுகிறது.

செயங்கொண்டாரின் 'கலிங்கத்துப் பரணி' தமிழ் மிகுபுனைவின் சிகரங்களுள் ஒன்று. போர்க்களத்தில் பேய்கள் கூழ் அட்டு உண்ணும் பகுதியைப் பாட்டின் முடிவாகப் புலவர் வைத்தார். காளியின் அருளும் மன்னனின் வெற்றியும் பேய்களின் பசியும் ஒரே கூழ்க்கலத்தில் கலக்கின்றன. மன்னனைப் புகழ எழுந்த நூல்தான். எனினும் கலத்தில் வேகுவது மனித உடல் என்பதைப் புலவர் மறைக்கவில்லை. சோழர் கடாரம் கொண்ட செய்தியும் இந்நூலின் இராச பாரம்பரியத்தில் இடம்பெறுகிறது. 1025-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த இராசேந்திரனின் கடற்படையெடுப்பை இன்றைய கெடாவோடு தொடர்புபடுத்தி நாம் பெருமிதத்தோடு கற்பித்து வருகிறோம். அப்பெருமிதத்தைப் பாடிய நூலே வெற்றியின் கூழ் எதனால் ஆனது என்பதையும் காட்டியிருப்பதை மாணவர்க்கு நாம் அவ்வளவாகச் சுட்டுவதில்லை.

இக்காலப் புனைகதையில் புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' இம்மரபைப் புதிய தடத்தில் திருப்பியது. சென்னைக்கு வந்து சேரும் கடவுள் மனிதனோடு அமர்ந்து காப்பி அருந்துகிறார். தெய்வம் மனிதனின் உணவுச் சாலைக்குள் வந்தபின் அதனை மனித வாழ்வின் கணக்கிலிருந்து எவரும் விலக்கி வைக்க முடியாது. நம்பிக்கையைப் பழிக்காமலும் அதற்குப் பணியாமலும் கதை சொல்ல இயலும் என்பதைத் தமிழ் எழுத்தாளர் பலரும் இக்கதையிலிருந்து கற்றனர்.

கருடனும் கோரைப்பல் மன்னனும்

'ஹிக்காயாட் மெரோங் மகாவங்சா' கெடா அரச மரபின் தோற்றத்தைக் கூறும் மலாய் நூல். 1849-இலேயே ஜேம்ஸ் லோ இதனை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். வரலாற்று நூலாக இதனைப் படிக்கப் புகுந்தோர் ஏமாற்றமே அடைந்தனர். காலமும் பெயரும் அதில் பொருந்தி வருவதில்லை. புனைவாகப் படிப்போர்க்கோ அது பெருஞ்செல்வம்.

நூலின் தொடக்கத்தில் ரோம் நாட்டு இளவரசனுக்கும் சீன நாட்டு இளவரசிக்கும் நிகழவிருக்கும் திருமணத்தைத் தடுத்துக் காட்டுவதாகக் கருடன் நபி சுலைமானிடம் சூளுரைக்கிறது. இளவரசியைத் தூக்கிச் சென்று லங்காவித் தீவில் ஒளித்து வைக்கிறது. இளவரசனுடன் வந்த மெரோங் மகாவங்சாவின் கப்பல்களைத் தாக்கி அழிக்கிறது. ஆயினும் கடலில் வீழ்ந்த இளவரசன் அதே தீவில் ஒதுங்க, இருவரும் கூடிவிடுகின்றனர். இறைவன் விதித்ததை எவ்வாற்றலாலும் மாற்ற முடியாது என ஒப்புக்கொண்டு கருடன் தோல்வியோடு விலகுகிறது.

தமிழ் மாணவர்க்குக் கருடன் புதியவனல்லன். மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் அடிமைப்பட்ட தாய் வினதையை மீட்க அமுத கலசத்தைக் கொணர்ந்தவன் அவன். மலாய் நூல் அக்கலசத்தை நீக்கிவிட்டுப் பறவையை மட்டும் எடுத்துக்கொண்டது. பழைய நம்பிக்கையின் உயிரினம் புதிய நம்பிக்கையின் அவையில் நின்று தோற்கிறது. எனினும் நூலாசிரியர் அதனை விலக்கிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கருடன் இன்றிக் கதை தொடங்கவே முடியாது. வென்ற சமயம் தோற்ற சமயத்தின் கற்பனையைக் கொண்டே தன் வெற்றியைச் சொல்ல வேண்டியிருந்தது. நம்பிக்கை மாறினும் புனைவின் நினைவு மாறாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நூலின் பிற்பகுதியில் ராஜா பெர்சியோங்கின் கதை வருகிறது. அரண்மனைச் சமையற்காரியின் விரல் அறுபட்டுக் கீரைக் குழம்பில் குருதி கலக்கிறது. அச்சுவைக்கு மயங்கிய மன்னன் மனிதக் குருதியை நாடுகிறான். அவனுக்குக் கோரைப்பற்கள் முளைக்கின்றன. இறுதியில் குடிகளும் அமைச்சர்களும் எதிர்த்தெழ, அவன் அரியணையை விட்டு ஓடுகிறான். பாலிங் என்னும் ஊர்ப்பெயரை அம்மன்னன் தன் பற்களைப் பிடுங்கி எறிந்த செய்தியோடு இணைத்துக் கூறும் வழக்கு இன்றும் உண்டு. மலேசியாவின் முதல் பிரதமரும் கெடா அரச குடும்பத்தவருமான துங்கு அப்துல் ரகுமான் எழுதிய கதையைத் தழுவி 'ராஜா பெர்சியோங்' 1968-இல் திரைப்படமாகவும் வந்தது.

அடுத்து இசுலாம் வந்த செய்தி கூறப்படுகிறது. ஷேக் அப்துல்லா என்னும் பெரியவர் மனிதரைக் கெடுக்கும் வழிகளைக் காண இப்லீசோடு சேர்ந்து பயணம் செய்கிறார். மன்னன் பருகவிருக்கும் மதுக்கிண்ணத்தில் இப்லீசு சிறுநீர் கழிப்பதைக் கண்டு பொறுக்க இயலாமல் அவனைக் கடிந்துகொள்கிறார். இருவரும் பிரிய, பெரியவர் மன்னனின் கண்ணுக்குப் புலனாகிறார். மன்னன் புதிய நெறியை ஏற்கிறான். சுல்தானாகப் பெயர் மாறுகிறான்.

குழம்பில் கலந்த குருதியும் கிண்ணத்தில் கலந்த அழுக்கும் இந்நூலின் இரு திருப்பங்கள். முதலாவதில் மன்னன் தான் உண்டது எது என அறிந்தும் அதனையே விரும்புகிறான், அரசை இழக்கிறான். இரண்டாவதில் தான் பருகுவது எது என அறிந்து விலக்குகிறான், அரசைக் காக்கிறான். சமய மாற்றம் என்னும் பெருநிகழ்ச்சியை நூலாசிரியர் கலத்தில் உள்ளதை அறிதல் என்னும் சிறுநிகழ்ச்சியாக மாற்றியுள்ளார். கொள்கை விளக்கத்தால் சொல்ல முடியாததைப் புனைவு இவ்வாறு சொல்லிவிடுகிறது. நூலின் நோக்கம் சமயம் சார்ந்தது. அதன் ஆற்றல் புனைவைச் சார்ந்தது.

தோட்டத்துத் தெய்வங்களும் படையலும்

பூஜாங் பள்ளத்தாக்கின் புக்கிட் பத்து பகாட் கோவிலைக் காண மெர்போக் செல்வோர் அங்கு ஓர் இன்மையை உணர்வர். 1930-களின் பிற்பகுதியில் குவாரிச் வேல்சு அகழ்ந்து ஆராய்ந்ததும் பின்னர் மீட்டமைக்கப்பட்டதுமான அக்கோவிலின் அடித்தளமும் படிகளும் நம்முன் உள்ளன. அங்கு வணங்கியோர் சொன்ன கதை ஒன்றுகூட நமக்குக் கிட்டவில்லை. கல் எஞ்சியது; கதை மறைந்தது.

அப்பள்ளத்தாக்கைச் சூழ்ந்த தோட்டங்களில் நிகழ்ந்ததோ இதற்கு மறுதலை. சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் பால்மரம் சீவ வந்தோர் மாரியம்மனை லயத்தின் நடுவிலும் முனியாண்டியை எல்லையிலும் நிறுவினர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். கோவில்கள் பல இடம்பெயர்ந்தன, சில மறைந்தன. கதைகள் மட்டும் மூத்தோர் நினைவில் எஞ்சின.

எஞ்சிய கோவில்களிலும் மாற்றம் நேர்ந்தது. ஆகம நெறிக்கு உட்பட்டுக் குடமுழுக்குக் கண்ட கோவில்களில் கோழியும் ஆடும் பலியிடுதல் குறைந்தது. சாராயமும் சுருட்டும் படையலிலிருந்து நீங்கின. கிராமத் தெய்வங்கள் சில பெருந்தெய்வங்களின் வடிவங்களாக விளக்கம் பெற்றன. சமூக மதிப்பை நாடிய மக்களின் விருப்பம் இதில் உண்டு. அதனைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆனால் தெய்வத்தின் சினமும் பசியும் வழிபாட்டிலிருந்து விலகும்போது அவற்றைச் சுமந்த கதையும் உடன் விலகுகிறது. மருத்துவச்சியாக வந்து, கொடிய மன்னனைக் கொன்று, பச்சிளங்குழந்தையைக் கையில் ஏந்தி நிற்கும் பெரியாச்சியின் கதை, எளியவர்க்கு இழைத்த கொடுமை தண்டனையின்றிப் போகாது என்னும் உறுதியைத் தாங்கியது. அதனைச் சாந்தமான ஓர் அம்மன் சிலையிடம் கேட்டுப் பெற இயலாது.

படையலில் இருந்த மதுவுக்கும் தனி வரலாறு உண்டு. தோட்டங்களின் கள்ளுக்கடை நிருவாகத்தின் ஏற்பாட்டோடு நடந்தது. பகலெல்லாம் உழைத்துப் பெற்ற கூலி மாலையில் அங்கே கரைந்தது. போருக்குப்பின் பீடோங் வட்டாரத்தில் ஏ. எம். சாமி தலைமையில் இயங்கிய தொண்டர் படை கள்ளுண்ணாமையை முதன்மை நோக்கமாகக் கொண்டது. 1947-இன் தொடக்கத்தில் நடந்த கள்ளுக்கடை மறியல் காவல் துறையோடு மோதலாக மாறி உயிரிழப்பில் முடிந்தது. கலத்தில் இருப்பது என்ன, அதை ஊற்றுபவர் யார், அதனால் வாழ்பவர் யார் என்னும் வினாக்களை முதலில் எழுப்பியவர்கள் எழுத்தாளர்களல்லர், அத்தோட்டத் தொழிலாளர்களே என்பது நாம் மறக்கக்கூடாத செய்தி.

'பேய்ச்சி' காட்டும் தாய்

1981-இல் லுனாஸ் வட்டாரத்தில் நச்சுத்தன்மை கொண்ட சம்சுவைக் குடித்துத் தமிழர் பலர் மாண்டனர். அவ்வூர்ச் சூழலில் வளர்ந்த ம. நவீன் 2019-இல் வெளிவந்த தம் முதல் நாவலான 'பேய்ச்சி'யில் அத்துயரைக் கதைக்குள் கொணர்ந்தார். நாவலின் மையத்தில் ஓலம்மா என்னும் பெண் நிற்கிறாள். ஊட்டுபவளும் அவளே, அழிக்க வல்லவளும் அவளே. தென்தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து வந்த பேய்ச்சி என்னும் தெய்வத்தின் நிழல் அவள்மேல் படிகிறது.

நாவலாசிரியர் நம்பிக்கையை இரு வகையில் ஆண்டிருக்கலாம். லுனாஸ் மரணங்களைத் தெய்வத்தின் தண்டனை எனக் காட்டியிருந்தால் அது தலபுராணமாகியிருக்கும். மக்களின் அறியாமைக்குச் சான்றாகத் தெய்வத்தைக் காட்டியிருந்தால் அது சீர்திருத்த நாவலாகியிருக்கும். இவ்விரு வழிகளையும் விடுத்து, மனிதப் பெண்ணின் சினமும் தெய்வத்தின் சினமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, பிரித்தறிய முடியாதவாறு நிற்கும் இடத்தை நாவல் தேர்ந்துகொண்டது. முன்னர்க் குறித்த தயக்கம் இதுவே. இங்கு நாம் தயங்குவது பேய் உண்டா இல்லையா என்பதுபற்றி அன்று. ஒரு தாய் எதுவரை செல்வாள் என்பதுபற்றியே தயங்குகிறோம்.

ஆழ்வார்களின் பேய்ச்சியைப் பாடத்தில் கற்ற வாசகர்க்கு இந்நாவல் ஓர் அதிர்ச்சியைத் தருகிறது. பக்திப் பாடலில் நஞ்சூட்டும் பேய்ச்சி வெளியிலிருந்து வருபவள். தாயின் வேடம் பூண்டவள். நாவலிலோ வேடம் என்பதே இல்லை. அன்னையும் பேய்ச்சியும் ஒருத்தியே. நஞ்சைப் பருகுவோர் தெய்வக் குழந்தைகளல்லர், லயத்து மனிதர்கள். பக்தி எழுப்பாது விட்ட வினாவை நாவல் எழுப்புகிறது. நம்பிக்கையின் படிமத்தைக் கடனாகப் பெற்ற படைப்பாளி அதனை அப்படியே திருப்பித் தராமல், அதனுள் மறைந்திருந்த அச்சத்தையும் சேர்த்துத் தந்துள்ளார்.

இவ்விடத்தில் நம் உடன்பாட்டோடு ஒரு மறுப்பையும் பதிவு செய்ய வேண்டும். படிமத்தின் வலிமையே நாவலுக்கு ஓர் இடரையும் கொணர்கிறது. தாய்மையின் பேருரு எழுந்து நிற்கும்போது அதன் பின்னே நிற்கும் சிறுமனிதர்கள் மறைகின்றனர். சம்சுவைக் காய்ச்சியவர், விற்றவர், அதனைக் கண்டும் காணாதிருந்தவர், மலிவான போதையன்றி வேறு ஆறுதல் அற்றுப்போன தொழிலாளி ஆகியோரைப் பற்றி 1947-இன் தொண்டர் படை எழுப்பிய வினா, தெய்வச் சினத்தின் ஒளியில் மங்கிவிடக்கூடும். ராஜா பெர்சியோங்கின் கதையிலும் இதே சிக்கல் உண்டு. மன்னனின் கொடுங்கோன்மை ஒரு துளிக் குருதியால் விளைந்தது எனும்போது அவனுடைய பொறுப்பு குறைகிறது. ஆயினும் மலாய் நூல் இறுதியில் குடிகளை எழச் செய்து அவனைத் துரத்துகிறது. பொறுப்பு மனிதரிடமே மீள்கிறது. 'பேய்ச்சி' அப்பொறுப்பைத் தாயிடமே நிறுத்திவிடுகிறது என்பது நம் மதிப்பீடு. கலத்தில் உள்ளதை இந்நாவல் அஞ்சாமல் காட்டுகிறது. கலத்தை நிரப்பிய கைகள் அனைத்தையும் காட்டவில்லை.

புனைவின் உரிமையும் கடனும்

2020 டிசம்பரில் மலேசிய உள்துறை அமைச்சு, 1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்கீழ் 'பேய்ச்சி' நாவலுக்குத் தடை விதித்ததாக அறிவித்தது. ஆபாசமும் ஒழுக்கக் கேடும் கொண்ட உள்ளடக்கம் என்பது கூறப்பட்ட காரணம். தெய்வத்தைப் பற்றி எழுதியது காரணமாகச் சொல்லப்படவில்லை. எனினும் அதனையொட்டி எழுந்த உரையாடல்களில் ஒரு தெய்வத்தின் பெயரைத் தாங்கிய நூலில் இத்தகைய சொற்கள் வரலாமா என்னும் வினாவும் எழுந்தது. இது நம் துறை விடை கூறவேண்டிய வினா.

தோட்டத்து மக்கள் தம் தெய்வத்திடம் நாகரிக மொழியில் பேசியதில்லை. ஏசினர், ஊடினர், வேண்டியது கிடைக்காவிடின் பூசையை நிறுத்துவோம் என மிரட்டவும் செய்தனர். அவர்தம் தெய்வமும் அம்மொழியிலேயே ஆவேசம் கொண்டு பேசியது. அம்மொழியை நீக்கிவிட்டு எழுதப்படும் தெய்வம் அவர்களுடையதாக இராது. ஆகவே சொற்கள் கூசுகின்றன என்பதால் ஒரு படைப்பு நம்பிக்கைக்கு எதிரானதாகிவிடாது. அச்சொற்கள் கதைக்கு இன்றியமையாதனவா, வெறும் அதிர்ச்சிக்கு இடப்பட்டனவா என்பதைப் பகுதி பகுதியாகப் படித்துக் கூறுவது திறனாய்வாளரின் பணி. அப்பணியை நாம் உரிய காலத்தில் செய்யாவிடின் வேறு எவரோ தம் அளவுகோலால் செய்வர்.

அதே வேளையில் படைப்பாளியின் உரிமை கடனற்ற உரிமை ஆகாது. நேர்த்திக்கடன் என்னும் சொல் நம் மக்களிடம் வாழும் சொல். கேட்டது கிடைத்தபின் சொன்னதைச் செய்து முடித்தல் வேண்டும். காவடி தூக்குவேன் என்றவன் தூக்கியாக வேண்டும். ஒரு சமூகத்தின் தெய்வத்தைக் கதைக்கு அழைக்கும் எழுத்தாளரும் அவ்வாறே நேர்ந்துகொள்கிறார். அவர் அத்தெய்வத்தை நம்ப வேண்டும் என்பது தேவையன்று. அத்தெய்வத்தை மக்கள் எந்தத் துயரின்பொருட்டு அழைத்தனரோ அத்துயரை அவர் முழுமையாகச் சொல்ல வேண்டும். அழகுக்காகத் தெய்வத்தை அழைத்து, துயரை விட்டுவிட்ட புனைவு கடனைத் தீர்க்காத புனைவு. நம்பிக்கையாளர் எழுதினாலும் மறுப்பாளர் எழுதினாலும் இந்த அளவுகோல் மாறுவதில்லை.

முடிவுரை

கெடா மண்ணில் நம்பிக்கையும் புனைவும் ஒன்றையொன்று ஆண்டு அடக்கவில்லை என்பதை மேற்கண்ட சான்றுகள் காட்டுகின்றன. கருடன் இன்றி மலாய் நூல் தொடங்கவில்லை. பேய்ச்சி இன்றி லுனாஸின் துயர் நாவலாகவில்லை. கோவில் தன் படையலிலிருந்து நீக்கிய சினத்தைப் புனைவு ஏற்றுக்கொண்டது. டோல்கீன் கூறிய இரண்டாம் உலகம் இங்குத் தனியே புனையப்படவில்லை. மக்கள் வாழ்ந்த முதல் உலகிலேயே அவர்கள் பருகிய கலத்தின் அடியில் அது கிடந்தது.

மேனிலைப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகத்திலும் தமிழிலக்கியம் கற்பிக்கும் நாம் இப்படைப்புகளைத் தனித்தனிப் பெட்டிகளில் வைத்திருக்கிறோம். ஆழ்வார் பாடல் பக்தி இலக்கியத்தில், பரணி சிற்றிலக்கியத்தில், ஹிக்காயாட் மலாய்த் துறையில், 'பேய்ச்சி' அண்மைக் கால நாவலில் என அவை பிரிந்து கிடக்கின்றன. ஒரே வகுப்பில் இவற்றை ஒருசேரப் படித்தால், பூதனையின் பாலும் பேய்களின் கூழும் மன்னனின் கீரைக் குழம்பும் லுனாஸின் சம்சுவும் ஒரே வினாவை எழுப்புவதை மாணவர் காண்பர். தோட்டத்தை விட்டுப் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளாகிய அவர்களுள் பலர், தம் பாட்டிமாரிடம் கேட்ட கதைகளையும் அவ்வரிசையில் கொணர்ந்து வைப்பர். அக்கதைகளைச் சொல்லக்கூடிய தலைமுறை குறைந்து வருகிறது. பூஜாங்கில் கல் எஞ்சிக் கதை மறைந்தது போன்ற இழப்பு நம் காலத்திலும் நேராதிருக்க வேண்டுமாயின், அவற்றைக் கேட்டுப் பதிவு செய்யும் வேலையை இப்போதே தொடங்க வேண்டும்.